பன்னிரண்டாவது போல்ட்

மைனஸ் நாற்பதில் மனிதன் பொய் சொல்வான், நாய் பொய் சொல்லும், விமான ஓடுபாதையில் தொங்கும் வெப்பமானி வெட்கமே இல்லாமல் பொய் சொல்லும். இந்த உலகத்தில் பொய் சொல்லாத ஒரே பொருள் ஜோனாசி பொருத்திய போல்ட். இதை ஜோனாசியே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு புதன்கிழமையும் ஊர் ரேடியோவில், காணாமல்போன கையுறைகளின் பட்டியல் முடிந்ததும், தொண்டையைச் செருமிக்கொண்டு வேதவசனம் போலச் சொல்வார். முப்பத்தோரு வருடங்களாக ரோந்துக் குழுவின் பழைய ராணுவத் துப்பாக்கிகள் அத்தனைக்கும், தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் அந்த இரும்புத் தண்டில், தலை மாற்றி, ஊசி மாற்றி, சுருள்கம்பி மாற்றி அனுப்பியவர் அவர்தான். அதில் ஒன்றுகூட வெடிக்காமல் போனதில்லை. "அப்ப கௌனாக்கோட துப்பாக்கி?" என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் தயாராக இருந்தது.

"அது போல்ட் இல்லப்பா. எண்ணெய்."

குளிர்காலத்தில் போல்ட்டுக்கு எண்ணெய் போடக் கூடாது என்பது இந்த வடதுருவக் கரையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். எண்ணெய் உறைந்து மெழுகாகிவிடும். விசையை அழுத்தினால் ஊசி பாயாது, ஊர்ந்து வரும். வேட்டைக்காரன் ஒருவன், அதுவும் ஜோனாசியின் சொந்த மைத்துனன், மார்ச் மாதக் குளிரில் போல்ட்டை எண்ணெயில் ஊறவைத்துக்கொண்டு உறைந்த கடலின் பனி விளிம்புக்குப் போய்க் கரடியிடம் மாட்டினான் என்றால் ஊர் அழுதது பாதி, சிரித்தது பாதி. அந்தப் பாதிச் சிரிப்பைத் தொடங்கி வைத்தவர் ஜோனாசி. ஆறு வருடமாகியும் அதை நிறுத்தவில்லை. யாராவது ரொட்டி சுட எண்ணெய் கேட்டால், "கௌனாக்கைக் கேளு, நிறைய வெச்சிருந்தான்" என்பார்.

அன்று வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றரை மணி. ஊரிலிருந்து ஓடுபாதையைத் தாண்டி நான்கு கிலோமீட்டரில், கைவிடப்பட்ட வானிலை நிலையத்தில் தனியாக உட்கார்ந்து, பிஸ்கட் தகரத்துக்குள் இருந்த போல்ட்டுகளை ஜோனாசி எண்ணினார்.

பன்னிரண்டு இருந்தன.

துப்பாக்கிகள் பதினொன்றுதான். வெளியறையில் பத்து, உள்ளே அவருடையது ஒன்று.

டிசம்பரில் இங்கே சூரியன் வருவதில்லை. நடுப்பகலில் தெற்கே நீலமாகக் கொஞ்சம் வெளுக்கும். பிடிக்காத வீட்டுக்கு வந்த விருந்தாளி போல உட்காராமலே கிளம்பிவிடும். அன்றைக்கு அதுவும் இல்லை. காலையில் அவர் பனிவண்டியில் வந்து சேர்ந்த அரைமணியில் புயல் இறங்கியது. அதன்பிறகு ஜன்னலுக்கு வெளியே எதுவும் இல்லை. இருட்டில் வெள்ளையாக ஏதோ பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். கூரைமேல் காற்றின் வேகத்தை அளக்க எப்போதோ வைத்த இரும்புக் கிண்ணங்கள் துருப்பிடித்த அச்சில் சுற்றி, கிர்ர், கிர்ர் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய் அடுப்பின் நாற்றம், போல்ட் துடைக்கும் வெள்ளைப் பெட்ரோலின் வாசனை, மூலையில் யாரோ என்றைக்கோ விட்டுப்போன கடல்நாய்த் தோலின் கொழுப்பு வாடை எல்லாம் சேர்ந்து அந்த அறையில் கம்பளிபோலக் கனத்துத் தொங்கின.

துப்பாக்கியை இங்கே யாரும் சூட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். இரும்பு வியர்க்கும், திரும்ப வெளியே கொண்டுபோனால் வியர்வை உறைந்து எல்லாம் இறுகிவிடும். எனவே துப்பாக்கிகள் சூடில்லாத வெளியறையில் நிற்கும். போல்ட்டுகளை மட்டும் உருவி உள்ளே கொண்டுவந்து, குளிர் போகவிட்டு, பிரித்துத் துடைத்து, தேய்ந்ததை மாற்றி, எலும்புபோல் உலர்த்தித் திரும்பக் கொண்டுபோய்ச் செருக வேண்டும். எந்தப் போல்ட் எந்தத் துப்பாக்கிக்கு என்பது எண்ணில் இருக்கிறது. ஒன்றுடையது இன்னொன்றில் நுழையும், ஆனால் பொருந்தாது. நாளை மறுநாள் குழு ரோந்து கிளம்புகிறது. பதினொரு பேர். பதினொரு போல்ட்.

மறுபடி எண்ணினார். விரலால் தொட்டு, ஒவ்வொன்றாக மேசைமேல் நகர்த்தி.

பன்னிரண்டு. கடைசியைத் தொட்ட விரல் வழுக்கியது.

விளக்கருகே பிடித்துப் பார்த்தார். மஞ்சளாக, தேன்போலக் கெட்டியாக எண்ணெய். கைப்பிடியிலிருந்து ஒரு சொட்டு திரண்டது. விழ மனமில்லாமல் தொங்கியது. விழுந்தது.

ஜோனாசிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. குழுவில் எவனோ விளையாடியிருக்கிறான். விளையாட்டென்றால் பதில் விளையாட்டு உண்டு. சுவரில் தொங்கிய ரேடியோவின் கைப்பிடியை எடுத்தார். அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். எதைச் செய்தாலும் எல்லா வீட்டுச் சமையலறையும் கேட்கும். புயல் நாளில் ஊருக்கு வேறு வேலையும் இல்லை.

"எவன்டா அந்த எண்ணெய்க்காரன்? என் டப்பாவுல பன்னெண்டாவதா ஒரு போல்ட்டைப் போட்டவன் கையைத் தூக்கு. ரேடியோவா இருந்தா என்ன, எனக்குத் தெரியும்."

இரைச்சலுக்குள்ளிருந்து நாலைந்து சிரிப்புகள். குழுத்தலைவன் ஆடமியின் குரல் முதலில் வந்தது. "குட்டி போட்டிருக்கும் அண்ணே. நீங்கதான் உள்ள கதகதப்பா வெச்சிருக்கீங்களே."

"குட்டி போட்டாலும் அப்பன் எவன்னு தெரியணுமில்ல. எண்ணெயில குளிப்பாட்டி அனுப்பியிருக்கான். கௌனாக்குக்கு அப்புறம் இந்த ஊர்ல இவ்வளவு பெரிய அறிவாளி யாரு?"

இன்னும் சிரிப்பு.

"நம்பரைப் படிங்கண்ணே. மானம் போகட்டும்," என்றான் ஆடமி.

பெட்ரோல் நனைத்த துணியால் போல்ட் கைப்பிடியின் அடியைத் துடைத்து, விளக்கில் சாய்த்துப் படித்தார். "நாலு. ஏழு. ஏழு. ஒண்ணு."

ரேடியோ இரைந்தது. ஒருவரும் அமுக்கவில்லை. எல்லாச் சமையலறையிலும் தேநீர்க்கோப்பைகள் பாதி வழியில் நின்றிருப்பது கேட்டது. அதாவது, எதுவுமே கேட்கவில்லை.

பிறகு அவர் மனைவி மீகா சொன்னாள். "அது என் தம்பியோடது."

"உன் தம்பியோடது கல்லுக்கு அடியில இருக்கு."

"ஆமா. நான்தானே வெச்சேன்."

அதுவும் உண்மைதான். ராணுவத்துக்குத் துப்பாக்கி திரும்பிப் போனது, போல்ட் போகவில்லை. தம்பி வெறுங்கையோடு போகக் கூடாது என்று மீகா அழுததால், 'போல்ட் கடலில் விழுந்துவிட்டது' என்று ஜோனாசி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். குன்றின் மேல் கற்களை அடுக்குவதற்கு முன்னால் மீகா அதைத் தோல் போர்வைக்குள் வைத்ததை அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். வைத்த இடத்தில் மார்பு இருந்திருக்க வேண்டும். கரடி அதிகம் விட்டுவைக்கவில்லை.

"எதையோ தப்பாப் படிக்கறீங்கண்ணே," என்றான் ஆடமி. குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

அப்போது ஒரு சின்னக் குரல் வந்தது. கைப்பிடியை வாய்க்கு மிக நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு, மூச்சோடு.

"என்னோடது."

அது அவருடைய பேத்தி. மகள் ரீபாவின் மகள். ஐந்து வயது. பெயர் கௌனாக்.

இறந்தவரின் பெயரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பார்கள்; பெயரோடு ஆளும் வருவார், உறவும் வரும். கௌனாக் இறந்த அடுத்த கோடையில் இவள் பிறந்தாள். பெண்ணாகப் பிறந்தால் என்ன, பெயருக்கு அது தெரியாது. அன்றிலிருந்து மீகா பேத்தியை "தம்பி" என்றாள். பெற்ற தாய் ரீபா, மகளை "மாமா" என்றாள். மாமாவுக்கு மூக்குத் துடைத்துவிட்டாள். குழந்தை பேச ஆரம்பித்ததும், தன் தாத்தாவைப் பார்த்து "மச்சான்" என்றது.

ஜோனாசிக்கு இது சகிக்கவில்லை. "எனக்கு மச்சானா இது? அப்ப எனக்கும் ஒரு பால்புட்டி குடுங்க, ரெண்டு பேரும் சேர்ந்து வேட்டைக்குப் போறோம்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஊரில் அவர் ஒருவர்தான் அவளை அந்த முறை சொல்லிக் கூப்பிடாதவர். எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டார். அவளும் அவர் கையால் எதையும் வாங்கிச் சாப்பிட மாட்டாள். உறைந்த கலைமான் இறைச்சியில் நல்ல துண்டாக நறுக்கி நீட்டினால், மூக்கை மட்டும் சுருக்குவாள். இங்கே மூக்கைச் சுருக்கினால் வேண்டாம் என்று அர்த்தம். எல்லாரும் செய்வதுதான். ஆனால் அவள் சுருக்கும்போது இடது நாசி மட்டும் ஏறும். கௌனாக்குக்கும் அப்படித்தான் ஏறும்.

"ரீபா," என்றார் ரேடியோவில். "பிள்ளை கையிலேர்ந்து அதை வாங்கு."

"வாங்கிட்டேன்பா," என்றாள் ரீபா. சற்று நேரம் கழித்து, "மாமாவுக்குத் தூக்கம் வரலையாம்" என்றாள்.

அவர் கைப்பிடியைத் தொங்கவிட்டார்.

மேசைமேல் அந்தப் போல்ட்டைச் சுற்றி எண்ணெய் வட்டமாகப் பரவியிருந்தது. முழுக்கத் துடைத்தார். மறுபடி துடைத்தார். மூன்றாவது துணி. பெட்ரோலில் முக்கி எடுத்து அடுப்பருகே காயவைத்தார். நீராவிபோல ஒரு படலம் அதன்மேல் எழுந்தது, மங்கியது, பளபளத்தது, திரண்டது. சொட்டு.

இந்தத் துப்பாக்கிகளின் போல்ட்டுக்குத் தலை தனி. கட்டைவிரல் பருமன், திருகிக் கழற்றலாம். தோட்டாவின் முதுகை அணைத்துப் பிடிப்பது அந்தத் தலைதான். அது தேய்ந்துவிட்டால், இரண்டுக்கும் நடுவே முடியளவு இடைவெளி விழும்; ஊசி எட்டித் தொடும், குத்தாது. கோடையில் தப்பிக்கலாம். சுருள்கம்பியே சோம்பிப்போகும் குளிரில் தப்பிக்க முடியாது. தலைகள் பல அளவில் வரும், ஒவ்வொன்றும் முந்தையதைவிட முடியளவு நீளம். ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து, அளவுக்கட்டையை உள்ளே விட்டு, கைப்பிடி எங்கே இறுகுகிறது என்று விரலால் கேட்க வேண்டும். ஜோனாசியின் விரலுக்கு அந்தக் காது உண்டு. அதில் சந்தேகமில்லை.

அவர் தலையைத் திருகிக் கழற்றி விளக்கில் பார்த்தார்.

ஓரத்தில் ஒரு கீறல். மீன்முள் போல. தேய்த்து அழித்த கீறல். அழித்தவருக்கு மட்டும் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன்பு தெற்கேயிருந்து ஒரே ஒரு புதிய தலை வந்தது. கௌனாக்குக்காக. அவன் துப்பாக்கி தேய்ந்திருந்தது. தேய்ந்துவிட்டது என்று நாலு பேர் முன்னால் சொல்லிக் கேட்டு எழுதி வரவழைத்திருந்தான். அந்த வருடம் ஜோனாசியின் போல்ட்டுத் தலையும் தேய்ந்திருந்தது. ஆனால் ஜோனாசி எப்படிக் கேட்பார்? பொய் சொல்லாத போல்ட்டின் சொந்தக்காரர் தன் போல்ட் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது என்று எந்தத் தாளில் எழுதுவார்? அதனால் புதியதைத் தன்னுடையதில் திருகிக்கொண்டார். தன் பழையதை உப்புத்தாளால் தேய்த்து, அடையாளத்துக்குத் தானே என்றோ போட்டிருந்த கீறலையும் தேய்த்து, பளபளவென்று மைத்துனனுடையதில் திருகிக் கொடுத்தார். கௌனாக் விளக்கில் தூக்கிப் பார்த்து, "பிரமாதம் மச்சான்" என்றான்.

பனி விளிம்பில் அவனை முதலில் கண்டுபிடித்தவரும் ஜோனாசிதான். மற்றவர்கள் வந்து சேர ஐந்து நிமிடம் இருந்தது. பனியில் மூன்று தோட்டாக்கள் கிடந்தன, மூன்றின் முதுகிலும் கடுகளவு பள்ளம். கௌனாக் மூன்று முறை இழுத்திருக்கிறான். மூன்று முறையும் போல்ட்டை நம்பியிருக்கிறான். தோட்டாக்களை ஜோனாசி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கருவிப் பையில் மீகாவின் தையல் எந்திர எண்ணெய் ஒரு புட்டி இருந்தது. அதைத் தன் அக்குளில் வைத்து இளக்கி, இறந்தவனின் போல்ட்டில் நிதானமாக ஊற்றினார். மற்றவர்கள் வந்ததும் நிமிர்ந்து, தலையை ஆட்டிக்கொண்டு, "எண்ணெய்" என்றார்.

அந்தத் தலைதான் இப்போது அவர் உள்ளங்கையில் இருந்தது. அடுப்பின் சூட்டிலும் அது சில்லென்று இருந்தது.

அவர் பயப்படவில்லை. பயந்திருந்தால் இவ்வளவு வேகமாக வேலை நடந்திருக்காது. தலை, போல்ட், ஊசி எல்லாவற்றையும் துணியில் சுற்றினார். வெளியறைக்குப் போனார். சுவரோரம் பத்துத் துப்பாக்கிகள் உறைபனி பூத்து வரிசையாக நின்றன. போல்ட் இல்லாத அவற்றின் பின்வாய்கள் திறந்து கிடந்தன. வெளிக்கதவைத் தோளால் தள்ளி ஒரு கை அளவு திறந்தார். காற்று முகத்தில் அறைந்தது. துணிமூட்டையை ஓங்கி எறிந்தார். அது விழுந்த சத்தம் வரவில்லை. ஏதாவது எறிந்தால் விழ வேண்டும் என்பது ஒரு பொது நம்பிக்கை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

உள்ளே வந்து எண்ணினார். பதினொன்று.

கை கழுவினார். தேநீர் போட்டு, சர்க்கரை நாலு கரண்டி போட்டுக் குடித்தார். தன்னுடைய போல்ட்டை எடுத்துத் துடைத்து, வறண்டிருக்கிறதா என்று உதட்டில் தொட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தனியே வைத்தார். பிறகு தட்டச்சு செய்ததுபோல ஒழுங்காக மற்றவற்றையும் முடித்துக்கொண்டே வந்தார். ஐந்து. ஆறு. ஏழாவதில் ஊசி கொஞ்சம் வளைவு, மாற்றினார். பழைய விசில் பாட்டொன்று வாயில் வந்தது. அதற்குத் தாளம்போல மேலே கிண்ணங்கள் கிர்ர், கிர்ர்.

எட்டாவதை எடுத்தபோது தாளம் நின்றது.

காற்று நிற்கவில்லை. சுவர் இன்னும் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. கூரைமேல் கிண்ணங்கள் மட்டும் சுற்றவில்லை. யாரோ கையால் பிடித்து நிறுத்தியதுபோல.

ரேடியோ இரைந்தது. "மச்சான்."

அவர் எட்டாவதை மேசைமேல் வைத்தார்.

"மச்சான், என் தலையை எங்க போட்ட?"

"ரீபா!" கைப்பிடியைப் பறித்து அமுக்கினார். "ஏ ரீபா! பிள்ளை கையில ஏன் குடுக்கற?"

"நான் குடுக்கலப்பா. இங்க சுவத்துலதான் தொங்குது. மாமா என் மடியிலதான் இருக்கு." ரீபாவின் குரல் தேய்ந்தது. "வாயை மட்டும் அசைக்குது."

"ஏதாவது கேளுடி அதை!"

"கேட்டேன். புருவத்தைத் தூக்குது."

புருவத்தைத் தூக்கினால் ஆமாம் என்று அர்த்தம். என்ன கேட்டாள் என்று ரீபா சொல்லவில்லை. ஜோனாசியும் கேட்கவில்லை.

அப்போது வெளியறையில் தாழ்ப்பாள் விலகியது.

உடைபடவில்லை. விலகியது. கதவு திறந்து, புயலின் சத்தம் ஒருமுறை பெரிதாகி, கதவு மூடி, சத்தம் சிறிதானது. பலகைகள் ஒவ்வொன்றாக முனகின. பாரம். நாலு காலில் நடக்கிற பாரம். உள்கதவின் அடி இடுக்கில் மூச்சு வந்தது. பழைய மீனும் ரத்தமும் கலந்த, ஈரமான, பொறுமையான மூச்சு.

கரடி. கரடிதான். கரடி கதவைத் திறக்கும், கெட்டிக்காரப் பிராணி. உணவு வாடைக்கு வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். இதில் என்ன இருக்கிறது.

அப்புறம் அந்தச் சத்தம்.

தப். தப். தப்.

வீட்டுக்குள் நுழையும் முன்பு காலணியிலும் சட்டையிலும் ஒட்டிய பனியைக் கட்டையால் தட்டும் சத்தம். கதவோரம் அதற்கென்று கட்டை தொங்குகிறது. வளர்ப்பு சரியாக உள்ள எவரும் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

கரடி தட்டாது.

தப். தப்.

அவருடைய துப்பாக்கி. அது மற்றவைபோல வெளியறையில் இல்லை. இங்கே, உள்கதவுக்கு மேலே, ஜன்னல் விரிசலின் குளிரில் மாட்டியிருந்தார். எடுத்தார். போல்ட்டை எடுத்தார். தனியே வைத்த இடத்தில், உதட்டில் தொட்டு வைத்த இடத்தில், இருந்தது. வறண்டிருந்தது. செருகினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. முப்பத்தோரு வருடத்து விரல். தோட்டா. கைப்பிடி இறங்கியது.

ஒரு கையால் ரேடியோவை அமுக்கினார். "ஆடமி. கரடி. வெளியறைக்குள்ள வந்திடுச்சு."

"அய்யோ, நாங்க வர முடியாதேண்ணே, முன்னாடி நிக்கற வண்டியே தெரியல." பிறகு, தைரியம் சொல்கிற மாதிரி, "ஆனா நீங்க ஏண்ணே பயப்படணும்? உங்க போல்ட்தான் பொய் சொல்லாதே. போடுங்க. நாங்க கேக்கறோம்."

ஊரே கேட்டது. நூற்று நாற்பது சமையலறைகள்.

தட்டல் நின்றது.

உள்கதவு மெதுவாக உள்பக்கம் நகர்ந்தது. ஒரு விரல் அளவு. இடுக்கில் இருட்டு. தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு இருட்டு. அதற்கும் மேலே இருட்டு. அங்கே ஈரமாக ஒன்று மினுங்கியது. மூக்கு. இடது பக்கம் மட்டும் சுருங்கியது.

விசையை இழுத்தார்.

டிக்.

போல்ட்டை இழுத்தார். தோட்டா தெறித்து மேசைக்கடியில் உருண்டது. அடுத்தது.

டிக்.

அடுத்தது.

டிக்.

மூன்று. ரேடியோ இரைந்தது. ஊர் காத்திருந்தது.

கதவு அதற்குமேல் நகரவில்லை. அவசரமில்லை அதற்கு.

அவர் போல்ட்டை உருவி விளக்கடியில் பிடித்தார். விரல் நடுங்கவில்லை, பழக்கம். நுனியைப் பார்த்தார். தலை மாறியிருந்தது. ஓரத்தில் மீன்முள் கீறல். எவரோ பழையதைக் கழற்றி இதைப் பொருத்தியிருந்தார்கள். நன்றாகவே பொருத்தியிருந்தார்கள்; திருகு சரியாக நின்றிருந்தது, பிசிறில்லை, வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அளவு ஒன்றுதான் பொய்.

மேசைக்கடியில் கிடந்த தோட்டாக்களின் முதுகில் கடுகளவு பள்ளம்.

"அண்ணே?" ஆடமி. "வெடி சத்தம் கேக்கலையேண்ணே?"

இரைச்சல்.

"ஜோனாசி?" இன்னொருவர். ஒரு கிழவி, யாரையோ கேட்டாள்: "அவன் போல்ட்டா சுடல?"

அவள் கேட்டது அந்த அறைக்குள் நுழைந்து நின்றது. கதவிடுக்கில் நின்றதைவிடப் பெரிதாக நின்றது. புயல் அடங்கும். நாளைக்கோ மறுநாளோ வருவார்கள். வண்டியை நிறுத்திவிட்டு, கதவைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, முதலில் துப்பாக்கியைத்தான் எடுப்பார்கள். ஆடமி போல்ட்டை உருவுவான். விளக்கில் பார்ப்பான். அவனுக்குத் தலை பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஜோனாசி. தேய்மானம் தெரியும் அவனுக்கு. தோட்டாவின் பள்ளம் தெரியும். கௌனாக் துப்பாக்கியும் இப்படித்தானே வெடிக்காமல் போனது என்று ஒரு நிமிடம் யோசிப்பான். அந்த ஒரு நிமிடம் போதும். அதற்கப்புறம் புதன்கிழமை ரேடியோவில் யார் யார் என்னென்ன சொல்வார்கள் என்பது வரைக்கும் அவருக்குக் கேட்டது.

சின்னக் குரல் வந்தது. மூச்சோடு. கருணையோடு என்றுகூடச் சொல்லலாம்.

"எண்ணெயா, மச்சான்?"

கதவு இன்னொரு விரல் அளவு நகர்ந்தது.

ஜோனாசி தோட்டாக்கள் மூன்றையும் குனிந்து பொறுக்கி அடுப்பின் சாம்பல் தட்டுக்கு அடியில் தள்ளினார். ரேடியோவை எடுத்தார். தொண்டையைச் செருமினார். குரல் நன்றாகவே வந்தது, புதன்கிழமைக் குரல்.

"எண்ணெய்தான், மச்சான். போட்டுட்டேன். மறந்துபோய்ப் போட்டுட்டேன்."

ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு வீட்டில் ஒரு கோப்பை மேசைமேல் வைக்கப்பட்டது. "அட பாவி" என்று ஒரு குரல் மெதுவாகச் சொன்னது. அதில் இரக்கம்தான் இருந்தது. அது போதும்.

கைப்பிடியை விட்டார். ஜன்னலடிக் குளிரில் கிடந்த கருவிப் பையைத் திறந்தார். தையல் எந்திர எண்ணெய்ப் புட்டி இன்னும் அதில் இருந்தது; மூடி இறுகியிருந்தது, பல்லால் திறந்தார். எண்ணெய் குளிரில் கெட்டித்திருந்தது. சட்டைப் பித்தானைக் கழற்றிப் புட்டியை அக்குளில் வைத்து, கதவைப் பார்க்காமல், நூறு எண்ணும் வரை உட்கார்ந்திருந்தார். கீல் முனகியது. பலகை முனகியது. அறையில் அடுப்புச் சுடர் நீலமாகிக் குனிந்தது. மீன் வாடை முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. அவருடைய கழுத்து முடிகள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒருமுறை நனைந்தன.

புட்டியைச் சாய்த்தார். தலையிலிருந்து தொடங்கினார். ஊசித் துளை. சுருள்கம்பி. கைப்பிடி. கை இப்போதுதான் நடுங்க ஆரம்பித்தது. எண்ணெய் பாதி போல்ட்டிலும் பாதி தரையிலும் விழுந்தது.

பிறகு தரையில் விழவில்லை. போல்ட் ஆடாமல் நின்றது. மறுமுனையை யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.